பேதியும் உப்பும்: கீட்டோ பத்தியத்தின் பழைய கதை

கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், "எனக்குச் சோறு வைக்காதீங்க, நான் கீட்டோ" என்று சொல்வது நம் ஊரில் சகஜமாகிவிட்டது. சிலர் பேலியோ என்கிறார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு என்றாலும் சாராம்சம் ஒன்றுதான். அரிசி, கோதுமை, சர்க்கரை, பழம் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு முட்டை, கறி, வெண்ணெய், தேங்காய், பாதாம் என்று வாழ்வது. மாவுப் பொருள் கிடைக்காத உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்கும். அப்போது ஈரலில் கீட்டோன் என்ற பொருள் உண்டாகும். அதிலிருந்து வந்த பெயர்தான் கீட்டோ.

இது நேற்று கைப்பேசி வழியாக வந்த சங்கதி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் இதற்கு வயது நூறு தாண்டிவிட்டது. பிறந்ததும் உடம்பு இளைப்பதற்காக அல்ல, காக்காய் வலிப்புக்காக. இதன் முதல் அத்தியாயம் பாரீஸில் நடந்தது என்பதால், பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு இதில் கொஞ்சம் கூடுதல் அக்கறை. பிரெஞ்சில் பத்தியத்துக்கு 'ரெழீம்' என்று பெயர். அரசாங்க ஆட்சிக்கும் அதே சொல்தான். இரண்டிலும் மேலே உட்கார்ந்திருப்பவர் சொன்னதைக் கீழே இருப்பவர் கேட்டாக வேண்டும் என்பதாலோ என்னவோ!

1911-இல் பாரீஸில் இரண்டு மருத்துவர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒருவர் கெல்பா, இத்தாலியில் பிறந்து பாரீஸில் தொழில் செய்தவர். மற்றவர் ஒகுஸ்த் மரி, மனநோய் மருத்துவர். வலிப்பு நோயாளிகள் இருபது பேர் வரைக்கும் இவர்கள் பட்டினி போட்டுப் பார்த்தார்கள். சும்மா பட்டினி இல்லை. தினமும் உப்புப் பேதி மருந்து கொடுத்து வயிற்றைக் கழுவிவிட்டுப் பட்டினி. அதன் பிறகு காய்கறி உணவு, மறுபடி பேதி, மறுபடி பட்டினி. சிகிச்சை நடந்த நாட்களில் வலிப்பின் கடுமை குறைந்தது என்று எழுதினார்கள். குடலில் அழுகும் விஷம் இரத்தத்தில் ஏறி மூளையைக் கெடுக்கிறது, அதை வெளியே தள்ளினால் நோய் போகும் என்பது அவர்கள் நம்பிக்கை.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம் வீடுகளிலும் இதே சாஸ்திரம்தானே! என் வயதுக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். பள்ளி விடுமுறையில் ஒரு நாள் விடியற்காலையில் எழுப்பி, மூக்கைப் பிடித்து, விளக்கெண்ணெயை வாயில் ஊற்றிவிடுவார்கள். அன்று முழுக்க கொல்லைப்புறத்துக்கும் திண்ணைக்கும் நடைதான். ஆனால் நம் பாட்டிமார்கள் ஒரு விஷயத்தில் பாரீஸ் டாக்டர்களைவிடக் கெட்டிக்காரிகள். பேதி ஓடிக்கொண்டிருக்கும்போதே வெந்நீரும், நின்ற பிறகு உப்புப் போட்ட மோரும், மிளகு ரசச் சோறும் கொடுத்துவிடுவார்கள். போனதைத் திரும்ப ஊற்ற வேண்டும் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

கெல்பாவின் சிகிச்சை பிரான்சில் பெரிதாக ஊன்றவில்லை. அமெரிக்காவில் வேறொரு வழியில் முளைத்தது. மிச்சிகன் மாநிலத்தில் பேட்டில் கிரீக் என்ற ஊரில் ஹியூ காங்க்லின் என்றொரு வைத்தியர் இருந்தார். ஆஸ்டியோபதி என்னும் எலும்பு, தசை வைத்தியம் படித்தவர். அவரும் வலிப்புக்குக் காரணம் குடல்தான் என்றார். குடலில் உள்ள ஒருவகைத் திட்டுகளில் விஷம் சேர்ந்து, அவ்வப்போது இரத்தத்தில் கலக்கிறது, குடலுக்கு ஓய்வு கொடுத்தால் சரியாகும் என்று சொல்லி, மூன்று வாரம்கூட வெறும் தண்ணீரில் குழந்தைகளை வைத்திருந்தார். காரணம் தவறு. ஆனால் பல குழந்தைகளுக்கு வலிப்பு நின்றது. வைத்தியத்தில் இது அடிக்கடி நடக்கும்: தவறான காரணம் சொல்பவன் கையில் சரியான மருந்து அகப்பட்டுவிடும்.

அவரிடம் போன குழந்தைகளில் ஒரு பையன், நியூயார்க்கின் பணக்கார வழக்கறிஞர் சார்லஸ் ஹவ்லண்டின் மகன். அந்தப் பையனின் சித்தப்பா சாதாரண ஆள் இல்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் குழந்தை மருத்துவப் பேராசிரியர் ஜான் ஹவ்லண்ட். 1919-இல் வழக்கறிஞர் தம் சகோதரர் கையில் 5,000 டாலர் கொடுத்தார். இந்தப் பட்டினி வைத்தியம் ஏன் வேலை செய்கிறது என்று விஞ்ஞான முறையில் கண்டுபிடி என்றார். அந்தக் காலத்தில் அது பெரிய தொகை.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர் இங்கேதான் வருகிறார். பெயர் ஜேம்ஸ் கேம்பிள். ஹவ்லண்டிடம் வேலை பார்த்துவிட்டு பிறகு ஹார்வர்டுக்குப் போனவர். பட்டினி இருந்த வலிப்புக் குழந்தைகள் சிலரின் சிறுநீரை நாள் தவறாமல் சேர்த்து, அதில் சோடியம் எவ்வளவு, பொட்டாசியம் எவ்வளவு, அமிலம் எவ்வளவு என்று அளந்தார். வரவு செலவுக் கணக்கு எழுதுவதே என் பிழைப்பாக இருந்ததால் சொல்கிறேன், அவர் செய்தது சுத்தமான லெட்ஜர் வேலை. உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு. 1923-இல் இரண்டு சகாக்களோடு சேர்ந்து அதை வெளியிட்டார்.

வலிப்பு ஏன் நிற்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. வேறொன்று தெரிந்தது. பட்டினியின் முதல் நாட்களில் மளமளவென்று இறங்கும் எடையில் பெரும்பகுதி கொழுப்பு அல்ல, தண்ணீர். அந்தத் தண்ணீர் தனியாகப் போவதில்லை, உப்பையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறது. சிறுநீரில் போகும் சோடியம், செல்களுக்கு வெளியே உள்ள நீர் எவ்வளவு போயிற்று என்பதற்கு அடையாளம். பொட்டாசியம், செல்களுக்கு உள்ளே இருந்த நீருக்கு அடையாளம். உடம்பின் நீரையும் உப்பையும் பற்றி இன்றைக்கு மருத்துவ மாணவர்கள் படிக்கும் பாடத்தின் அஸ்திவாரத்தில் ஒரு கல், பட்டினி கிடந்த அந்தக் குழந்தைகளின் சிறுநீர்க் கணக்கு. அவர் வரைந்த கட்டப் படத்துக்கு 'கேம்பிள்கிராம்' என்றே பெயர்.

நான் படித்த பள்ளியில் 'சியான்ஸ் நத்துரேல்' வகுப்பில் கிளோத் பெர்னாரைப் பற்றிச் சொல்லிக் கொடுத்தார்கள். ஈரலில் சர்க்கரையைச் சேர்த்து வைக்கும் கிளைகோஜனைக் கண்டுபிடித்த பிரெஞ்சுக்காரர். உயிரினத்துக்கு வெளியே ஓர் உலகம் இருப்பதுபோல உள்ளேயும் ஒரு நீர் உலகம் இருக்கிறது, அது நிலையாக இருந்தால்தான் உயிர் சுதந்திரமாக நடமாட முடியும் என்றவர். அன்று எங்களுக்கு அது மனப்பாடம் பண்ண வேண்டிய ஒரு வரி, அவ்வளவுதான். எங்கள் வாத்தியாருக்கோ தலைவலியானாலும் வயிற்று வலியானாலும் எல்லாம் 'கிரீஸ் த ஃபுவா', ஈரல் கோளாறு! பெர்னார் சொன்ன கிளைகோஜனும் உள்நீரும் ஒன்றோடொன்று கட்டுண்டவை என்பது கீட்டோவைப் பற்றிப் படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

விஷயம் இதுதான். ஒரு கிராம் கிளைகோஜன் உடம்பில் தங்க வேண்டுமானால் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைக் கூட வைத்துக்கொள்ளும். சோறு நின்றதும் இரண்டொரு நாளில் அந்தச் சேமிப்பு கரைகிறது, தண்ணீரும் வெளியேறுகிறது. இது முதல் கணக்கு. இரண்டாவது, மாவுப் பொருள் இல்லாவிட்டால் இன்சுலின் குறையும். உப்பை வெளியே விடாமல் பிடித்து வைக்கும்படி சிறுநீரகத்துக்குச் சொல்கிற வேலையும் இன்சுலினுக்கு உண்டு. அது குறைந்தால் பிடி தளர்கிறது. மூன்றாவது, கீட்டோன்கள் அமிலம். வெளியேறும்போது தம்மோடு சோடியத்தையும் கூட்டிப் போகும். சில நாள் கழித்து சிறுநீரகம் அம்மோனியாவை உண்டாக்கி அதை ஈடுகட்டக் கற்றுக்கொள்ளும். அதுவரை உப்பு நஷ்டம்தான். முதல் வாரத்தில் தலைவலி, கால் ஆடுசதைப் பிடிப்பு, எழுந்து நின்றால் கண் இருட்டுவது, சோர்வு எல்லாம் பெரும்பாலும் இதனால். இதற்கு இப்போது 'கீட்டோ காய்ச்சல்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். உப்புக் குறைச்சல் என்று வைத்திருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும்.

கேம்பிளே பின்னாளில் இதை எதிர்ப்பக்கத்திலிருந்து நிரூபித்தார். இரண்டாம் உலகப் போரில் கப்பல் மூழ்கி, உயிர் காக்கும் தெப்பத்தில் மிதப்பவர்களுக்கு என்ன உணவு கொடுத்து அனுப்பலாம் என்ற கேள்வி வந்தது. தொண்டர்களை வைத்துச் சோதித்துப் பார்த்து, நாளைக்கு 100 கிராம் சர்க்கரை கொடுத்தால் போதும், உடம்பிலிருந்து நீரும் தசையும் வீணாவது நன்றாகக் குறைகிறது என்றார். கொஞ்சம் மாவுப் பொருள் உள்ளே போனால் தண்ணீர் உள்ளே நிற்கும். அதை நிறுத்தினால் தண்ணீர் போகும்.

இதற்கிடையில் பட்டினிக்கு ஒரு மாற்று வந்துவிட்டது. குழந்தையை எத்தனை நாள் பட்டினி போட முடியும்? 1921-இல் மேயோ கிளினிக்கின் ரஸ்ஸல் வைல்டர் ஒரு யோசனை சொன்னார். கொழுப்பை மிக அதிகமாகவும் மாவுப் பொருளை மிகக் குறைவாகவும் கொடுத்தால், சாப்பிட்டுக்கொண்டே பட்டினியின் பலனைப் பெறலாம். 'கீட்டோஜெனிக் டயட்' என்ற பெயரை வைத்தவர் அவர்தான். அங்கேயே பணிபுரிந்த பீட்டர்மன் அளவுகளைச் சீர்படுத்தினார். உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் புரதம், நாளைக்கு 10 முதல் 15 கிராம் மாவுப் பொருள், மிச்சமெல்லாம் கொழுப்பு. 15 கிராம் என்றால் நம் கணக்கில் ஒரு இட்லிக்குள் அடங்கிவிடும்.

இனி வருவது எனக்கு வருத்தம் தருகிற பகுதி.

1920-களின் இறுதியில் வலிப்புக்கும் தண்ணீருக்கும் தொடர்பு உண்டு என்று ஓர் ஆராய்ச்சி வந்தது. வலிப்புள்ள குழந்தைகளுக்கு நிறையத் தண்ணீர் கொடுத்து, சிறுநீர் இறங்காமல் தடுக்கும் பிட்யூட்டரிச் சாற்றையும் செலுத்தினால் வலிப்பு வருகிறது என்று மெக்குவாரி என்ற மருத்துவர் காட்டினார். இன்று நமக்குக் காரணம் தெரியும். அளவு மீறிய தண்ணீரால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப் போகிறது, அது யாருக்குமே வலிப்பை உண்டாக்கக்கூடியது. ஆனால் அன்று எடுத்த முடிவு வேறு: தண்ணீர் கூடினால் வலிப்பு கூடுகிறது, ஆகவே தண்ணீரைக் குறை. கீட்டோ உணவோடு தண்ணீர்க் கட்டுப்பாடும் சேர்ந்துகொண்டது. கொழுப்பைத் தின்றுகொண்டு, ஏற்கெனவே உப்பையும் நீரையும் இழந்துகொண்டிருக்கும் குழந்தைக்கு, தண்ணீரையும் அளந்துதான் கொடுத்தார்கள்.

1938-இல் ஃபெனிடோயின் மாத்திரை வந்ததும் இந்த உணவு முறை ஒதுங்கிப் போனது. மாத்திரை விழுங்குவது சுலபம், வெண்ணெயைத் தராசில் நிறுப்பது கஷ்டம். ஆனாலும் சில மருத்துவமனைகள் அதைக் கைவிடவில்லை. அங்கெல்லாம் தண்ணீர்க் கட்டுப்பாடும் கூடவே பிழைத்திருந்தது. 1990-களில் ஹாலிவுட் இயக்குநர் ஜிம் ஏப்ரஹாம்ஸின் குழந்தைக்கு எந்த மருந்தாலும் நிற்காத வலிப்பு இந்த உணவால் நின்றது. அவர் ஓர் அறக்கட்டளை தொடங்கினார், 1997-இல் மெரில் ஸ்ட்ரீப்பை வைத்துத் தொலைக்காட்சிப் படமும் எடுத்தார். உலகம் முழுக்க மறுபடி பேச்சு எழுந்தது. பழைய கோப்பு தூசி தட்டி எடுக்கப்பட்டபோது, தண்ணீர் விதியும் அப்படியே வெளியே வந்தது.

அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. ஒரு சுற்றறிக்கை எப்போது, எதற்காகப் போடப்பட்டது என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது. அதைப் போட்டவர் ஓய்வு பெற்று, காலமும் ஆகியிருப்பார். ஆனால் ரத்து செய்ததாகத் தாள் இல்லாத வரைக்கும் அது அமலில் இருக்கும். "முன் வழக்கப்படி" என்ற இரண்டு சொற்களில் எத்தனை ஏழை மனுக்கள் திரும்பிப் போனதைப் பார்த்திருக்கிறேன்! இங்கே திரும்பிப் போனவை குழந்தைகள் கேட்ட தண்ணீர் டம்ளர்கள்.

விலை என்ன தெரியுமா? இந்த உணவில் இருந்த குழந்தைகளில் ஏறக்குறைய இருபதில் ஒருவருக்குச் சிறுநீரகக் கல். கீட்டோன் அமிலத்தால் சிறுநீர் புளிப்பேறுகிறது, கல் உண்டாகாமல் தடுக்கும் சிட்ரேட் குறைகிறது, கால்சியம் அதிகம் வெளியேறுகிறது. இதோடு தண்ணீரையும் குறைத்தால் கல் சேராமல் என்ன செய்யும்? மலச்சிக்கலோ கேட்கவே வேண்டாம். நார்ச்சத்து இல்லை, தண்ணீரும் இல்லை. மலம் கல்லாக இறுகி, குழந்தைகள் கழிப்பறையில் அழுதன.

இந்த நூற்றாண்டில்தான் மருத்துவர்கள் ஒவ்வொரு விதியாக எடுத்துச் சோதித்தார்கள். 2005-இல் ஃபிலடெல்ஃபியாவில் 48 குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைப் பட்டினியோடும் மறுபாதியைப் படிப்படியாகவும் தொடங்க வைத்தார்கள். பலன் ஒன்றே, படிப்படியாகத் தொடங்கியவர்களுக்குத் தொந்தரவு குறைவு. 2008-இல் லண்டனில் 145 குழந்தைகளை வைத்து முறையான ஒப்பீடு நடந்தது. உணவு முறையில் இருந்தவர்களில் 38 சதவீதத்தினருக்கு வலிப்பு பாதிக்கு மேல் குறைந்தது. இல்லாதவர்களில் 6 சதவீதம். அதாவது உணவு வேலை செய்கிறது. தண்ணீர்க் கட்டுப்பாட்டுக்குத்தான் ஆதாரம் இல்லை. இப்போது அதைக் கைவிட்டு, தாராளமாகக் குடிக்கச் சொல்கிறார்கள். பொட்டாசியம் சிட்ரேட் கொடுத்துக் கல்லையும் பெருமளவு தடுக்கிறார்கள்.

வயிற்றைப் பற்றி இன்னும் ஒரு சங்கதி, அதில் நம் தேங்காயும் வருகிறது. 1971-இல் ஹட்டன்லாக்கர் என்ற மருத்துவர், வெண்ணெய்க்குப் பதில் நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு எண்ணெயைக் கொடுத்துப் பார்த்தார். எம்.சி.டி. எண்ணெய் என்று கடையில் விற்கிறார்களே, அதுதான். தேங்காய் எண்ணெயிலிருந்து பிரித்தெடுப்பது. மற்ற கொழுப்பு செரிக்கப் பித்தநீர் வேண்டும். இதற்கு அவ்வளவாக வேண்டாம், குடலிலிருந்து நேரே ஈரலுக்குப் போய்ச் சீக்கிரம் கீட்டோன் ஆகும். ஆகவே மாவுப் பொருளைக் கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிட முடிந்தது. ஆனால் மொத்தக் கலோரியில் 60 சதவீதம் அந்த எண்ணெய் என்றபோது குழந்தைகளுக்கு வயிற்றுவலி, வாந்தி, பேதி. பிறகு ஆக்ஸ்ஃபோர்டில் பாதியாகக் குறைத்தார்கள். காலையில் காபியில் இரண்டு கரண்டி ஊற்றிக் குடித்துவிட்டு, பஸ் ஏறிப் பாதி வழியில் இறங்கி ஓடியவரை எனக்குத் தெரியும். பெயர் வேண்டாம்.

இப்போது நம் வயதுக்காரர்களுக்கு வருகிறேன். என் சகலைக்கு 71 வயது, சர்க்கரையும் பிரஷரும் உண்டு. போன வருஷம் மகன் சொன்னான் என்று இந்த உணவைத் தொடங்கினார். பத்து நாளில் நாலு கிலோ குறைந்தது. "பார்த்தீங்களா சகலை!" என்று ஃபோனில் ஒரே பெருமை. பன்னிரண்டாம் நாள் விடியற்காலையில் பாத்ரூமுக்குப் போனவர் நிலைப்படியில் சாய்ந்துவிட்டார். நல்லவேளை எலும்பு முறியவில்லை. பிரஷருக்கு அவர் சாப்பிட்டு வந்தது நீர் பிரிக்கும் மாத்திரை. உணவும் உப்பை வெளியேற்றுகிறது, மாத்திரையும் வெளியேற்றுகிறது, பிரஷர்காரர் என்று வீட்டில் உப்பையும் குறைத்திருந்தார்கள். மூன்று பக்கமும் செலவு, வரவே இல்லை. மருத்துவர் இரத்தம் எடுத்துச் சோடியத்தைப் பார்த்தார், நீர் மாத்திரையை நிறுத்தினார், சர்க்கரை மாத்திரையின் அளவையும் மாற்றினார். சகலை இப்போது மதியம் மட்டும் கொஞ்சம் சோறு சாப்பிடுகிறார்.

ஆகவே இந்த உணவை எடுக்க நினைப்பவர்கள் முதலில் தங்கள் மாத்திரைப் பட்டியலை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். இன்சுலினோ, சர்க்கரையை வேகமாக இறக்கும் மாத்திரையோ சாப்பிட்டால் அளவு மாறியாக வேண்டும். பெயர் 'கிளிஃப்ளோசின்' என்று முடியும் சர்க்கரை மாத்திரைகள் சில இருக்கின்றன: டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் முதலியவை. அவற்றோடு இந்த உணவு சேர்ந்தால், இரத்தத்தில் சர்க்கரை பெரிதாக ஏறாமலேயே கீட்டோன் அமிலம் ஆபத்தான அளவுக்கு ஏறிவிடக்கூடும். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் இருந்தால் சர்க்கரை அளவு நன்றாக இருக்கிறதே என்று வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது. கடையில் கிடைக்கும் 'சோடியம் குறைந்த உப்பில்' பொட்டாசியம் கலந்திருக்கும். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும் சிலவகை பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் அது இதயத்துடிப்பைக் கெடுக்கும். இதயம் பலவீனமானவர்கள் உப்பையும் தண்ணீரையும் தாமாகக் கூட்டவே கூடாது.

இந்தத் தடைகள் இல்லாதவர்களுக்கு விஷயம் எளிது. கீரை, வெண்டை, புடலை, சுரைக்காய் என்று நீர்க்காய்களைத் தாராளமாகச் சேர்த்தால் மலச்சிக்கல் பாதி தீரும். தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கலாம், ஆனால் குடம் குடமாக வெறும் தண்ணீரைக் குடித்தால் இருக்கும் உப்பும் நீர்த்துப் போகும். உப்புப் போட்ட எலும்பு சூப்போ நீர்மோரோ நாளைக்கு இரண்டு தம்ளர் குடிக்கச் சொல்கிறார்கள். மோரில் கொஞ்சம் மாவுச்சத்து உண்டே என்று கணக்குப் பார்ப்பவர்கள் சூப்போடு நிறுத்திக்கொள்ளட்டும். எனக்கென்னவோ மோர்தான்.